வெள்ளை அடித்த துப்பாக்கி

அந்தத் துப்பாக்கி எங்கள் கடைக்கு ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி வந்தது. கொண்டுவந்தவர் தாராவி மெயின் ரோட்டில் டாக்சியை விட்டு இறங்கி, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குழாயடிக் கூட்டத்தை விலக்கிவிட்டு, பட்டப்பகலில் எங்கள் சந்துக்குள் நடந்தே வந்திருந்தார். விரிப்பைப் பிரித்ததும் நான் "எம்மா!" என்று பின்னால் போய்ப் பெயிண்ட் டப்பாவில் இடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஆனால் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் பழைய ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் ஸ்பிரே பெயிண்ட் அடித்துப் பிழைத்தோம். கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, ஒரு கம்ப்ரெசர், அது போடும் சத்தம், அவ்வளவுதான். பெயிண்ட் அடிப்பது அவர். கைப்பிடி, ரப்பர், பூட்டு என்று பெயிண்ட் படக்கூடாத இடங்களில் பழைய செய்தித்தாளை ஒட்டி மறைப்பது நான். எனக்குப் படிக்கத் தெரியாத மராத்தி, குஜராத்தி பேப்பரை எல்லாம் கிழித்து ஒட்டியிருக்கிறேன். வேலையில் இருக்கும்போது என் வாய் மட்டும் சும்மா இருக்காது. அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

வந்தவர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. சினிமாக்காரர்களுக்கு வாள், கேடயம், பழைய டெலிபோன், நாற்காலி என்று வாடகைக்குக் கொடுப்பவர். செம்பூரில் படப்பிடிப்பு நடந்தால் அவர் டெம்போ அங்கே நிற்கும். இந்த வேட்டைத் துப்பாக்கி மட்டும் நிஜம். உரிமம் அவர் பேரில் இருந்தது. குண்டு போகாதபடி அதன் போல்ட்டைக் கழற்றித் தன் தோல்பையில் போட்டு வைத்திருந்தார்.

"தம்பி, ஒரு இந்திப் படம். ஹீரோ வெள்ள உடுப்புப் போட்டுப் பனிமலையில ஓநாயை வேட்டையாட படுத்துக் கெடப்பான். துப்பாக்கி மட்டும் கறுப்பா நீட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? பனிக்குள்ள வச்சா எது பனி, எது துப்பாக்கின்னு தெரியக் கூடாது பாத்துக்கிடுங்க. நாளைக்கு ராத்திரி ரயிலு."

"முடியாது அண்ணாச்சி" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட முடியுமா? வேற ஆளைப் பாருங்க."

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷம், பக்கத்துக் கடை ஒன்றில் திருட்டு ஸ்கூட்டர்களுக்கு நிறம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சேசிஸ் நம்பரை ராவி வேறு நம்பரும் குத்தியிருக்கிறார்கள். போலீஸ் வந்து சந்தில் ஸ்பிரே கன் பிடித்த கைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. அதில் இவரும் ஒருத்தர். இரண்டு நாள் கழித்து வீடு வந்தவருக்கு உட்கார முடியவில்லை, குப்புறத்தான் படுத்தார். மராத்தியில் எழுதிய ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இவருக்குத் தெரியாது. தெரிந்தே திருட்டு வண்டிக்குப் பெயிண்ட் அடித்தேன் என்று இவரே சொன்னதாக இருந்தது என்று பிறகு வக்கீல் படித்துச் சொன்னார். கோர்ட்டுக்கு நடையாய் நடந்து ஒருவழியாக அந்த வழக்கு தள்ளுபடியானது. ஆனாலும் ஸ்டேஷனில் பழைய ஆள் என்று பேர் விழுந்துவிட்டது. இன்னொரு தரம் ஏதாவது என்றால் உள்ளேதான் என்று அந்த வக்கீலே சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு காக்கிச் சட்டை போட்ட பஸ் கண்டக்டரைப் பார்த்தால்கூட இவர் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

அண்ணாச்சி உரிமப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "தாயி, திருட்டுச் சாமானா கொண்டாந்திருக்கேன்? நான் வாசல்லயே இருப்பேன். சாயங்காலம் கையோட எடுத்துக்கிட்டுப் போவேன். போதுமா?"

இவர் துப்பாக்கியைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. துரு ஏறிய சாமானைப் பார்த்தால் இந்த மனுஷனுக்குக் கை அரிக்கும்.

"அடிச்சுத் தாரேன்" என்றார்.

அண்ணாச்சி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். இவர் மண்ணெண்ணெய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, தின்னர் டப்பாவைத் திறந்ததுமே அண்ணாச்சிக்கு இருமல் வந்துவிட்டது. எதிர் டீக்கடைக்குப் போய், அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். சந்தில் யாராவது செருப்பைச் சத்தமாகத் தேய்த்து நடந்தால் எட்டிப் பார்த்தேன். கதவைச் சாத்தலாம் என்றால் பெயிண்ட் புகையில் செத்துப்போவோம். திறந்து வைத்தால் சந்தே பார்க்கும். கடைசியில் என் பழைய சேலையை வாசலில் திரையாகக் கட்டினேன்.

முதல் நாள் முழுவதும் அடிவேலை. கட்டையையும் இரும்பையும் தேய்த்து, பள்ளமான இடங்களில் பட்டி நிரப்பி, காய்ந்ததும் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் இழைத்து, பிரைமர் அடித்து, மேலே வெள்ளை. இவர் கைவேலை அப்படியே கண்ணாடிபோல வழவழவென்று வந்தது. விரலால் தடவினால் ஒரு நெருடல் இருக்காது. சாயங்காலம் அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்ன தம்பி, கல்யாணத்துக்குச் சீர் குடுக்கிற ஃபிரிட்ஜ் மாதிரில்லா மினுங்குது! பனி இப்படியா இருக்கும்?"

"நீங்க பனியைப் பாத்திருக்கீகளா?" என்றேன்.

"நான் எங்க பாத்தேன்? பாளையங்கோட்டையில பனியா பெய்யுது?"

மூன்று பேருமே பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த வெள்ளை ஃபிரிட்ஜ் வெள்ளை ஒன்றுதான். சொன்னபடி அன்று ராத்திரி துப்பாக்கியைக் கையோடு எடுத்துப் போன அண்ணாச்சி, விடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து தந்துவிட்டு ரயில் வேலையாகப் போய்விட்டார். மறுநாள் காலையில் நான் மாட்டுங்காவில் எங்களுக்குத் தெரிந்த குளிர்பானக் கடைக்குப் போனேன். அங்கே இருந்த ஃபிரிட்ஜ் நாங்கள் அடித்துக் கொடுத்ததுதான். ஃபிரீசரைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். ஓரமெல்லாம் ஐஸ் பொருக்காகப் படிந்திருந்தது. அது வெள்ளையே இல்லை. வெளிச்சம் படுகிற இடம் வெள்ளை, குழியான இடம் சாம்பல், அடியில் கொஞ்சம் நீலம். மினுமினுப்பு மட்டும் துளியும் இல்லை. "ஏ அக்கா, கதவை மூடுங்க, எல்லாம் உருகுது" என்று கடைக்காரன் கத்தும்வரை பார்த்தேன். வந்து இவரிடம் சொன்னேன்.

மினுக்கு இல்லாமல் அடிப்பது இவருக்குப் பிடிக்கவே இல்லை. வேலை தெரியாதவன் அடித்த மாதிரி இருக்குமே என்று முணுமுணுத்தார். ஆனாலும் வெள்ளையில் சாக்பவுடரைச் சலித்துக் கலந்து அடித்தார். காய்ந்ததும் பார்த்தால் சுண்ணாம்புச் சுவர்போல மங்கி நின்றது. அதற்குமேல் வெங்காயச் சாக்கின் வலையைப் போர்த்தி, சாம்பல் நிறத்தைத் தூரத்திலிருந்து லேசாகத் தூவினார். பனிக்கு நடுவில் காய்ந்த புல் நீட்டிக்கொண்டிருக்கும் என்று அண்ணாச்சியிடம் யாரோ சொல்லியிருந்தார்களாம். நான் துடைப்பத்திலிருந்து நாலைந்து ஈர்க்குகளை உருவி, குழல்மேல் அங்கங்கே கோணலாகப் பிடித்துக்கொண்டேன். அவர் அதன்மேல் மங்கின பழுப்பை அடித்தார். ஈர்க்கை எடுத்ததும் பழுப்புக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாகத் தண்டுகள் விழுந்திருந்தன. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அதைத் தரையில் கொட்டிக் கிடந்த சாக்பவுடர்மேல் வைத்து, வாசலுக்குப் போய் நின்று பார்த்தேன். எங்கே குழல், எங்கே தரை என்று கண் ஒரு நிமிஷம் தடுமாறியது. அந்த நிமிஷத்தில் எனக்கும் பயம் இல்லை, நிஜத்தைச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் அண்ணாச்சி வந்தார். "அடடா, அடடா" என்றார். கையில் எடுத்து, தோளில் வைத்துப் பார்த்தார். அப்புறம் குழலும் கட்டையும் சேரும் இடத்தைப் பெருவிரலால் தடவினார். மறுபடியும் தடவினார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, இங்க ஒரு நம்பர் இருந்துச்சே?"

இவர் குனிந்து பார்த்தார்.

"குத்தி வச்ச நம்பருய்யா. இந்தா, இந்த இடத்துல."

எங்கள் சந்தின் வழக்கம் ஒன்று உண்டு. விற்பனைக்குப் போகிற பழைய பீரோ என்றால், கம்பெனிக்காரன் குத்திய முத்திரை, பழைய சொந்தக்காரன் கீறிய பேர், எது பள்ளமாக இருந்தாலும் பட்டி வைத்து நிரப்பிவிட வேண்டும். புதுசாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இவர் கை பத்து வருஷமாக அதையே செய்தது. துப்பாக்கியிலும் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை, பள்ளம்தான் தெரிந்திருக்கிறது. பட்டியை வைத்து அழுத்தி, உப்புத்தாளால் ஆசை தீர இழைத்திருக்கிறார்.

"இன்னைக்குச் சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன்ல காட்டி அனுமதிச் சீட்டு வாங்கணும்" என்றார் அண்ணாச்சி. அவர் முகம் வெளிறிவிட்டது. "உரிமத்துல இருக்க நம்பரும் இதுல இருக்க நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் ரயில்ல ஏத்த விடுவான். நம்பரை அழிச்ச துப்பாக்கின்னா என்ன கேஸ் தெரியுமா?"

தெரியாமலா? ஸ்கூட்டர் நம்பருக்கே அப்படி அடித்தார்கள். இது துப்பாக்கி. அதுவும் பழைய ஆள் கடையில். எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் மூலையில் கிடந்த டப்பாவை எட்டி உதைத்தேன். "சொன்னேனா இல்லையா? முதல்லயே வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?" என்று கத்தினேன். இவர் தின்னரில் துணியை நனைத்து அந்த இடத்தைத் துடைத்தார். எங்கள் பனி வழிந்து கையில் ஒட்டியது. பட்டி வந்ததும் என் தையல் ஊசியை வாங்கி, குனிந்து, ஒவ்வொரு கோட்டிலிருந்தும் நோண்டி எடுத்தார். அவர் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது.

நம்பர் வந்தது. கடைசி எண்ணைத் தவிர எல்லாம் உரிமத்தில் இருந்தபடியே இருந்தது. புத்தகத்தில் கடைசியாக எட்டு. துப்பாக்கியில் மூன்று மாதிரி இருந்தது. இடதுபக்கத்துக் கோடு இழைப்பில் தேய்ந்து போயிருந்தது.

அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "பக்கத்துச் சந்துல நம்பர் குத்துறவன் இருக்கான்லா? ஒரே தட்டு. மூணு எட்டாயிரும். மேல வெள்ளையை லேசா அடிச்சிருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"ஆமாங்க, போய்க் குத்திட்டு வந்துருங்க" என்றேன் நானும். அன்றைக்கு எனக்கு அதுதான் சரியாகப் பட்டது. அவரை மறுபடியும் குப்புறப் படுக்கவிட என்னால் முடியாது.

"வேண்டாம்" என்றார்.

"என்ன வேண்டாம்? உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"தெரியாம நிரப்பினேன். தெரிஞ்சு குத்தச் சொல்லுதியா? குத்திட்டா, அன்னைக்குப் போலீஸ்காரன் எழுதினது நெசமாயிரும்லா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "வாங்க. நானே வந்து சொல்லுதேன்."

"தம்பி, நீங்க வந்தா உங்களைத்தான் முதல்ல பிடிப்பான்."

"தெரியும்" என்றார். சட்டையை மாற்றிக்கொண்டார். பொத்தான் துளையில் மாட்டவே இல்லை. நான் போட்டுவிட்டேன். போடும்போதே, "போகாதீங்க, போகாதீங்க" என்று சொல்லிக்கொண்டே போட்டேன். அவர் கேட்கவில்லை. இரண்டு பேரும் படுக்கை விரிப்பில் சுற்றிய துப்பாக்கியோடு போய்விட்டார்கள். கடையிலேயே இரு என்று என்னிடம் சொல்லியிருந்தார். தனியாக எப்படி இருப்பது? கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, கடையைப் பூட்டிவிட்டு நானும் கிளம்பினேன்.

ஸ்டேஷனுக்கு எதிரில் பஸ் ஸ்டாப். அங்கே நின்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆண்டாப் ஹில் போகிற பஸ் ஒன்று வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது. கூட நின்ற அம்மாள், "எந்த பஸ்ஸுக்கும்மா நிக்கறேள்?" என்று கேட்டாள். "எதுலயும் ஏறலம்மா" என்றேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றாள். உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ரோட்டுச் சத்தத்தில் என்ன கேட்கும்? ஆனாலும் ஒவ்வொரு ஹாரனும் அவர் கத்துகிற மாதிரியே விழுந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்? நின்றேன், நடந்தேன், திரும்பி வந்து நின்றேன். ஊர்ச் சாமியை எல்லாம் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே திட்டவும் திட்டினேன்.

வெயில் தாழ்ந்த பிறகு அண்ணாச்சி வெளியே வந்தார். கையில் துப்பாக்கி இருந்தது. தனியாக வந்தார்.

ரோட்டை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. "அவர் எங்க?"

"சரியாப் போச்சு தாயி, சரியாப் போச்சு" என்று அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. "தம்பி எல்லாத்தையும் அப்படியே சொன்னாரு. இன்ஸ்பெக்டர் பாத்துட்டு, போல்ட் எங்கேன்னாரு. பையில இருந்து எடுத்துக் குடுத்தேன். கிரீஸைத் துடைச்சுப் பாத்தா அதுலயும் அதே நம்பரு, எட்டோட! வாங்கின நாள்ல இருந்து நான் பாத்ததே இல்லை. சீட்டுக் குடுத்துட்டாரு. நான் ரயிலுக்கு ஓடணும் தாயி."

"அண்ணாச்சி, அவர் எங்கன்னு கேக்கேன்."

"உள்ள இருக்காரு. அவருகிட்ட ஏதோ எழுதி வாங்கணுமாம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். டாக்சியைக் கைதட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

எழுதி வாங்க வேண்டுமாம். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அதுவரை அந்தப் படியை மிதிக்காதவள், விறுவிறுவென்று ஏறி உள்ளே போய், "மேரா ஆத்மி கிதர் ஹை?", என் வீட்டுக்காரர் எங்கே என்று இந்தியில் போட்ட சத்தத்தில் நாலைந்து தொப்பிகள் திரும்பின. ஒரு ஹவால்தார் வாயில் விரலை வைத்து, உள் அறையைக் காட்டினான்.

இவர் ஒரு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் மராத்தியில் எழுதிய ஒரு தாள், அதன்மேல் பேனா. எதிரில் உட்கார்ந்திருந்த எழுத்தர், கையெழுத்துப் போடு என்று எத்தனையாவது தரமாகவோ சொல்லிக்கொண்டிருந்தார். சலித்துப்போன குரல்.

இவர் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். ஒரு கை மற்றதை இறுகப் பிடித்திருந்தது. எனக்கு அதுதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. உடைந்த இந்தியில், மெதுவாக, "பஹ்லே பட்கே சுனாவோ, சாஹிப். பாத்மே சைன் கரேகா" என்றார். முதலில் படித்துக் காட்டு, அப்புறம் போடுகிறேன். அந்த ஸ்டேஷனில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில், அந்த மனுஷன் வாயிலிருந்து அது வந்தது.

எழுத்தர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலி தரையில் கிறீச்சிட்ட சத்தம் கேட்டது. பிறகு வேறு சத்தம் எதுவும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது எழுத்தர் விளக்கு ஸ்விட்சைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, தாளை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு வரியாக இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். பெயிண்ட் அடிக்கும்போது தெரியாமல் நம்பர் மூடிப்போனது, தானே வந்து சொன்னார். அவ்வளவுதான் எழுதியிருந்தது. இவர் முழுவதையும் கேட்டார். ஓரிடத்தில் மறுபடியும் சொல்லச் சொன்னார். அப்புறம் குனிந்து, தமிழில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து இரண்டு கடை தாண்டியதும் இவர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தேன். தோளைத் தொட்டுப் பார்த்தேன். போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"அடிக்கலட்டி" என்றார். "ஒரு அடிகூட அடிக்கல."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "வாசிச்சுக் காட்டச் சொல்ல எங்க இருந்து வந்துச்சு உங்களுக்கு அம்புட்டுத் தைரியம்? அன்னைக்கு மட்டும் இப்படிக் கேட்டிருந்தா கையை ஒடிச்சிருப்பானுவ, தெரியுமா?"

அவர் தன் வலது கையை மடக்கி விரித்துப் பார்த்தார்.

"இன்னைக்கும் ஒடிப்பானுவன்னு நெனச்சுத்தாம்ட்டி கேட்டேன்" என்றார்.